நீல வட்டத்தின் கீழ் ஒரு குழந்தை
பள்ளி ஓவியங்களும் குழந்தைகளின் நீரிழிவும்: பெற்றோருக்கும் பராமரிப்போருக்கும் ஒரு பாடம்

நவம்பர் 14 ஆம் நாள் நம் பள்ளிகளில் குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1889 இல் ஜவகர்லால் நேரு பிறந்த நாள் அது. அதே தேதியில், 1891 இல், கனடா நாட்டில் பிரெடரிக் பான்டிங் பிறந்தார். இன்சுலினைக் கண்டறிந்த மருத்துவர் அவர். அவருடைய பிறந்தநாளே உலக நீரிழிவு நாளாக 1991 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயலே. ஆயினும் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு அது ஒரு நல்வாய்ப்பு. குழந்தைகள் நாளுக்கென நடைபெறும் ஓவியப் போட்டியில் 'நீரிழிவு விழிப்புணர்வு' என்ற தலைப்பு எளிதில் இடம்பெற்றுவிடுகிறது.

வானூர் வட்டத்து இடையஞ்சாவடியிலிருந்து மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள ஏதேனும் ஒரு பள்ளியை மனத்தில் கொள்வோம். ஐப்பசி மழைக்கு நடுவே வகுப்பறையில் சார்ட் அட்டைகள் விரிக்கப்படுகின்றன. மாணவர்கள் பெரும்பாலும் எதை வரைவார்கள்? லட்டு, ஜிலேபி, குளிர்பானப் புட்டி. அவற்றின் மேல் ஒரு பெரிய சிவப்புக் குறுக்குக்கோடு. கீழே, 'இனிப்பைத் தவிர்ப்போம், சர்க்கரை நோயை விரட்டுவோம்' என்னும் வாசகம். ஆசிரியரும் பாராட்டுவார், படம் சுவரில் ஒட்டப்படும்.

அதே வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வயது பத்து. முதல் வகை நீரிழிவு. மதிய உணவுக்கு முன் நாள்தோறும் அவள் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சுவரொட்டி அவளிடம் என்ன சொல்கிறது? 'நீ இனிப்புத் தின்றாய். அதனால் உனக்கு இந்நோய் வந்தது' என்கிறது. அது உண்மையன்று. ஆனால் அவள் அதை நம்புவாள்; வகுப்பும் நம்பும். மறுநாள் அவள் ஊசியைக் கழிப்பறையில் மறைந்து போட்டுக்கொள்வாள், அல்லது போட்டுக்கொள்ளாமலே விட்டுவிடுவாள். முதல் வகை நீரிழிவில் இன்சுலினை விடுவது உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே, பள்ளி ஓவியம் சிறிய செயலன்று. நன்கு அமைந்தால் அது ஓர் உயிரைக் காக்கும். தவறாக அமைந்தால் ஒரு குழந்தையைத் தனிமைப்படுத்தும். நல்ல விழிப்புணர்வு ஓவியம் எவ்வாறு அமைய வேண்டும், அதில் பெற்றோராகிய நாம் செய்யத்தக்கது என்ன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஒரே பெயர், இரு வேறு நோய்கள்

நம் வட்டாரத்தில் சர்க்கரை நோயை அறியாத வீடு அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய பெரும் ஆய்வின் முடிவுகள் 2023 இல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக அவ்வாய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினரும், நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் 26.3 விழுக்காட்டினரும் நீரிழிவு உடையோர் எனத் தெரிந்தது. புதுச்சேரியில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்!

இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. இதில் உடல் இன்சுலினைச் சுரக்கிறது; ஆனால் அது போதிய அளவில் வேலை செய்வதில்லை. மரபு, உடல் எடை, உழைப்புக் குறைவு, உணவுப் பழக்கம், வயது ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. உணவைச் சீர்செய்வதும் நடைப்பயிற்சியும் மாத்திரைகளும் இதில் பெரிதும் உதவும்.

முதல் வகை நீரிழிவு வேறு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைத் தவறுதலாக அழித்துவிடுகிறது. அதன்பின் உடலில் இன்சுலின் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. இனிப்பு உண்டதாலோ, தாய் கருவுற்றிருந்தபோது உண்ட ஏதோ ஓர் உணவாலோ, எவருடைய கண்பட்டதாலோ இது வருவதில்லை. தொட்டாலும், உடன் உண்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் பரவுவதில்லை. வெளியிலிருந்து இன்சுலின் கொடுப்பது ஒன்றே இதற்கு மருத்துவம். பச்சிலையோ பத்தியமோ அந்த இடத்தை நிரப்பாது.

பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டோருள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முதல் வகை நீரிழிவுடன் வாழ்கின்றனர். எண்ணிக்கை பெரிது, ஆயினும் ஒரு சிற்றூரில் ஒரு குழந்தைக்கு இருந்தால் அதுவே அரிது. 'சர்க்கரை நோய் தாத்தாவுக்கு வருவது. குழந்தைக்கு எப்படி வரும்?' என்ற ஐயம் எழுவது இயல்பே. வீட்டுக்கு வீடு அறிந்த நோயாக இருப்பதே, குழந்தைக்கு வந்தபோது அதை அடையாளம் காணத் தடையாகிவிடுகிறது.

வெயிலின் மேல் விழும் பழி

முதல் வகை நீரிழிவு தொடங்கும்போது குழந்தையிடம் நான்கு மாற்றங்கள் தெரியும். ஒன்று, அடிக்கடி சிறுநீர் கழித்தல். படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்குதல். இரண்டு, தீராத தாகம். மூன்று, நன்றாக உண்டும் உடல் மெலிதல். நான்கு, காரணமற்ற சோர்வு.

இவ்வறிகுறிகள் நம் கடற்கரை ஊர்களில் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும். பங்குனி, சித்திரை வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது? உப்பளத்துக்கும் முந்திரித் தோப்புக்கும் பெற்றோர் சென்றுவிட, பகல் முழுதும் வெளியில் விளையாடும் பிள்ளை மெலிந்தால், 'வெயிலில் அலைந்து கறுத்து இளைத்துவிட்டான்' என்பார்கள். படுக்கையை நனைத்தால், பயந்துவிட்டான் என்று மந்திரிக்க அழைத்துச் செல்வதும் உண்டு. வகுப்பில் அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்டால், பாடத்தைத் தவிர்க்கிறான் என்று எண்ணக்கூடும்.

இப்படி நாள்கள் கழியும்போது உடல் ஆற்றலுக்காகக் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் சேர்கின்றன. குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும், மூச்சில் பழுத்த பழத்தின் மணம் வீசும், பின்னர் மயக்கம். இதைக் கீட்டோ அமில நிலை என்கிறோம். இது வயிற்றுக் கோளாறோ சளிக் காய்ச்சலோ என மயங்கிக் காலம் தாழ்த்தினால் உயிரிழப்பு நேரலாம்.

இதைத் தடுக்க வேண்டியதோ மிக எளிய சோதனை. விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். இந்த அறிகுறிகளுடன் சர்க்கரை அளவு 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒரு நிமிடச் சோதனை. அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்ற எண்ணம் பெற்றோருக்கு எங்கிருந்து வரும்? பள்ளிச் சுவரிலிருந்து வரலாம். வந்ததற்குச் சான்றும் உண்டு.

பார்மா நகரத்துச் சுவரொட்டி

இத்தாலி நாட்டின் வடபகுதியில் பார்மா என்றொரு மாநிலப் பகுதி உள்ளது. அங்கே புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 78 பேர், கீட்டோ அமில நிலை ஏற்பட்ட பிறகே மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தனர். இதை மாற்ற எண்ணிய குழந்தை மருத்துவர்கள் 1991 வாக்கில் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். பார்மாவின் 177 பள்ளிகளில் ஒரு சுவரொட்டியை ஒட்டினர். அடிக்கடி சிறுநீர், மீண்டும் தொடங்கும் படுக்கை நனைத்தல் முதலிய அறிகுறிகளை அது எளிய முறையில் எடுத்துரைத்தது.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அப்பகுதியின் குழந்தை மருத்துவர்களுக்கு, சிறுநீரிலும் இரத்தத்திலும் சர்க்கரையைப் பார்க்கும் கருவிகளையும் கொடுத்தனர். பெற்றோருக்கு வழங்க அறிவுரை அட்டைகளும் கொடுத்தனர். 1991 முதல் 1997 வரை நடந்த மாற்றம் 1999 இல் மருத்துவ இதழில் வெளியிடப்பட்டது. பார்மாவில் கீட்டோ அமில நிலையில் வந்த குழந்தைகளின் பங்கு 12.5 விழுக்காடாகக் குறைந்திருந்தது. சுவரொட்டி ஒட்டப்படாத அண்டைப் பகுதிகளிலோ அது 83 விழுக்காடாக இருந்தது.

இந்நிகழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அந்தச் சுவரொட்டி அறிகுறியைச் சொன்னது. நோய் கொடியது என்று அச்சுறுத்தவில்லை. எதைத் தின்னக்கூடாது என்று பட்டியலிடவும் இல்லை. 'இதைக் கண்டால், இதைச் செய்' என்று மட்டும் கூறியது.

இரண்டாவது, வெட்கத்துக்குரியதாக எண்ணப்பட்ட ஒன்றை அது வெளிப்படையாகப் பேசியது. படுக்கையை நனைத்தல் வீட்டுக்குள்ளே மறைக்கப்படும் செய்தி. அதைப் பள்ளிச் சுவரில் கண்ட தாய், தன் பிள்ளைக்கு மட்டும் நேர்ந்த இழுக்கன்று, இது ஒரு நோயின் குறி என்று உணர்ந்திருப்பாள்.

மூன்றாவது, சுவரொட்டிக்கும் மருத்துவருக்கும் இடையே வழி இருந்தது. படத்தைப் பார்த்து வந்தவருக்குச் சோதனை செய்யக் கருவி காத்திருந்தது. சோதனைக்கு வழிகாட்டாத ஓவியம் சுவரை மட்டுமே அழகுபடுத்தும்.

நம் நாட்டிலும் இத்திசையில் முயற்சிகள் நடந்துள்ளன. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2013 இல் 'கிட்ஸ்' என்ற பெயரில், பள்ளிகளுக்கான நீரிழிவுக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த நாடுகள் இந்தியாவும் பிரேசிலும். ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோருக்கான படவிளக்கக் கையேடுகள் அதன் அடிப்படை.

நீல வட்டத்தின் பொருள்

ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை 2006 டிசம்பர் 20 இல் நீரிழிவு குறித்த தீர்மானத்தை நிறைவேற்றியது. அதையொட்டி, நீல நிற வட்டம் நீரிழிவின் உலகச் சின்னமாயிற்று. வட்டம் வாழ்வையும் நலத்தையும் ஒற்றுமையையும் குறிக்கும். நீலம் எல்லா நாடுகளுக்கும் பொதுவான வானத்தின் நிறம்; ஐக்கிய நாடுகள் கொடியின் நிறமும் அதுவே.

இச்சின்னத்தில் ஊசி இல்லை; இனிப்பு இல்லை; குறுக்குக்கோடும் இல்லை. ஒரு குழந்தை ஒரே இழுப்பில் வரையக்கூடிய வடிவம் இது. நம் ஊரில் அதை வரைவதற்குத் தூரிகையும் தேவையில்லை. நீலக் கோலப்பொடி போதும். பள்ளி முற்றத்தில் பெரியதொரு நீல வட்டமிட்டு, அதைச் சுற்றி வகுப்பினர் அனைவரும் கைகோத்து நின்றால், நோயுள்ள குழந்தையும் நோயில்லாத குழந்தையும் ஒரே வட்டத்தில் நிற்பர். அங்கே யாருக்கு நோய் என்று எவரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

பான்டிங் பற்றியும் மாணவர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம். அவர் ஓவியரும் கூட. இன்சுலின் கண்டுபிடிப்பால் 1923 இல் நோபல் பரிசு பெற்ற பின்னரும் அவர் நிலக்காட்சிகளை வரைந்துவந்தார், ஏ. ஒய். ஜாக்சன் என்னும் புகழ்பெற்ற கனடிய ஓவியருடன் 1927 இல் வடதுருவப் பகுதிக்கே சென்று ஓவியம் தீட்டினார். இன்சுலின் வருமுன், முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் சில மாதங்களிலோ, கடும் பட்டினிப் பத்தியத்தால் ஓரிரு ஆண்டுகளிலோ இறந்தனர். 1922 ஜனவரியில் டொரோன்டோவில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. மரணத்தின் விளிம்பிலிருந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்றைய குழந்தைகள், தக்க மருத்துவம் தொடர்ந்தால், படித்து, பணிசெய்து, குடும்பம் நடத்தி, முதுமை வரை வாழ இயலும். மாணவர்கள் வரைய வேண்டிய கதைகளுள் இதுவும் ஒன்று.

பள்ளியில் செய்யத்தக்க நான்கு பணிகள்

பின்வரும் பணிகளை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லலாம். செலவு மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயன் உண்டு.

*1. நான்கு குறிகள் சுவரொட்டி.* ஒரு தாளை நான்காகப் பிரித்து, தண்ணீர்ச் சொம்பு, கழிப்பறைக் கதவு, தளர்ந்துபோன சீருடை, மேசைமேல் தலைசாய்த்த பிள்ளை ஆகியவற்றை வரையலாம். கீழே ஒரே வரி: 'இவை சேர்ந்து தெரிந்தால் இன்றே சர்க்கரை அளவைப் பாருங்கள்.' அதன் கீழ் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரையும் 108 என்ற எண்ணையும் எழுத வேண்டும். இப்படம் வகுப்பறைக்குள் மட்டும் இருந்தால் போதாது. பெற்றோர் நிற்கும் பள்ளி வாயில், நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம், அங்கன்வாடி ஆகிய இடங்களில் இருக்க வேண்டும். நவம்பர் முடிந்ததும் கிழித்துவிடாமல் கோடைவரை விட்டுவைக்க வேண்டும். தாகத்தை வெயிலின் கணக்கில் எழுதும் மாதங்களில்தான் அது அதிகம் தேவைப்படும்.

*2. 'சர்க்கரை குறைந்தால்' அட்டை.* இன்சுலின் எடுக்கும் குழந்தைக்கு, உணவு தாமதமானாலோ விளையாட்டு மிகுந்தாலோ, இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், பசிக்கும், காரணமின்றி எரிச்சலோ அழுகையோ வரும், பேச்சுக் குழறும். உடற்பயிற்சி வகுப்பில் இதை வெயில் களைப்பு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. எனவே மாணவர்கள் ஒரு படக்கதை அட்டையை உருவாக்கட்டும். முதல் கட்டத்தில் நடுங்கும் தோழி. இரண்டாம் கட்டத்தில், அவளை உட்காரவைத்து, குளுக்கோஸ் பொடியோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ கரைத்த நீரைக் கொடுக்கும் நண்பன். மூன்றாம் கட்டத்தில், ஆசிரியரை அழைத்துவரும் இன்னொருவர். நான்காம் கட்டத்தில், 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதனை; இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் சர்க்கரை நீர்; சீரானதும் சிறிது உணவு. ஐந்தாம் கட்டம் சிவப்பு எல்லைக்கோட்டுடன் அமையட்டும்: 'மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்கவை, 108-ஐ அழை.' சிறு குழந்தைகளுக்குச் சர்க்கரையின் அளவு குறையும். உங்கள் மருத்துவர் குறித்துத் தந்த அளவையே அட்டையில் எழுதச் செய்யுங்கள்.

இவ்வட்டையின் சிறப்பை நோக்குங்கள். முதற்படத்தில் சிவப்புக் கோடிட்டு விலக்கப்பட்ட சர்க்கரை, இங்கே உயிர் காக்கும் மருந்தாகிறது. அதனாலேயே, முதல் வகை நீரிழிவுள்ள குழந்தையின் பையில் மிட்டாய் இருந்தால் அதைப் பறிக்கக் கூடாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017 இல், இந்நோயுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள்ளேயே சர்க்கரை மாத்திரை, சாக்லேட், பழம், தண்ணீர்ப் புட்டி முதலியவற்றை வைத்துக்கொள்ள அனுமதி அளித்தது.

*3. மண்பானை ஓவியம்.* திறக்கப்படாத இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். பெட்டி இல்லாத வீடுகளிலும், மின்சாரம் தடைப்படும் புயல் நாள்களிலும் மண்பானை உதவும். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஆற்றுமணலை நிரப்பி, மணலை ஈரமாக வைத்திருக்க வேண்டும். இன்சுலின் புட்டியை, நீர் புகாத சிறு டப்பாவில் இட்டு உள்பானையில் வைத்து மூட வேண்டும். பானை நிழலிலும் காற்றோட்டத்திலும் இருக்க வேண்டும். ஈரம் ஆவியாகும்போது பானை குளிர்கிறது. நம் கடற்கரையில் காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலால் இக்குளிர்ச்சி ஓரளவே இருக்கும். குளிர்பதனப் பெட்டிக்கு இது ஈடாகாது. உள்ளே ஒரு சிறு வெப்பமானி வைத்துப் பார்ப்பது நன்று. மாணவர்கள் அறிவியல் பாடத்தில் ஆவியாதலைக் கற்று, கைத்தொழில் பாடத்தில் அப்பானைக்கு வண்ணக்கோலம் தீட்டலாம். உள்பானைக்கு மட்டும் வண்ணம் தீட்டுக. வெளிப்பானையின் துளைகளை அடைத்தால் குளிர்ச்சி குன்றும். இன்சுலினை உறைபெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தலாகாது.

*4. வீட்டுத் தட்டுப் படம்.* இது பெரியவர்களின் இரண்டாம் வகை நீரிழிவுக்கானது. ஒரு தட்டை வட்டமாக வரைந்து, பாதியில் கீரையும் காய்கறியும், கால்பகுதியில் பருப்பு, மீன், முட்டை, சுண்டல் ஆகியவற்றில் ஒன்றும், எஞ்சிய கால்பகுதியில் சோறோ கேழ்வரகோ கம்போ வரையச் சொல்லலாம். தன் வீட்டில் நேற்றிரவு உண்ட தட்டையும் அருகில் வரைந்து ஒப்பிட்டால், அந்தப் படமே பாட்டிக்கும் தந்தைக்கும் பாடமாகும். இப்படத்தின் தலைப்பில் 'இரண்டாம் வகை' என்று தெளிவாகக் குறிப்பிடுக. இல்லையேல் பழைய குழப்பம் திரும்பிவரும்.

குழந்தையின் சம்மதம் முதன்மையானது

நல்லெண்ணத்தால் நேரும் பிழை ஒன்று உண்டு. விழிப்புணர்வு நிகழ்ச்சியன்று, நோயுள்ள குழந்தையை மேடையேற்றி, 'இவளுக்குச் சர்க்கரை நோய்; எல்லோரும் இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அறிவித்துவிடுவது. அவள் அதை விரும்பினாளா என்று எவரும் கேட்பதில்லை. பெண் குழந்தையாயின், நாளைத் திருமணப் பேச்சில் இது தடையாகுமோ என்ற அச்சம் பெற்றோரை வாட்டுகிறது. அந்த அச்சம் வீணானது என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஊர் மாறும் வரை அக்குடும்பம் அந்த ஊரில்தானே வாழ வேண்டும்!

எனவே இரண்டு வட்டங்களை வேறுபடுத்துக. குழந்தையின் பாதுகாப்புக்காகக் கட்டாயம் அறிய வேண்டியவர்கள் ஒரு வட்டம்: வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், அருகமரும் ஓரிரு தோழர். இவர்களிடம் மறைத்தால் மயக்கம் வரும் வேளையில் உதவி கிடைக்காது. ஊரார் அனைவரும் மற்றொரு வட்டம். அவர்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் குழந்தையும் பெற்றோரும் எடுக்க வேண்டிய முடிவு.

குழந்தை தானாகவே தன் கதையை வரைய விரும்பினால் ஊக்குவியுங்கள். 'என் ஒரு நாள்' என்ற தலைப்பில், காலைச் சோதனை முதல் இரவு ஊசி வரை அவள் வரையட்டும். பெரியவர்கள் திருத்த வேண்டாம். ஊசியை அவள் பூதமாக வரைந்தால் அதுவும் ஒரு செய்தியே. அந்தப் படத்தை அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள்; வாயால் சொல்லாத வலியையும் தயக்கத்தையும் மருத்துவரும் செவிலியரும் அதில் காண்பர். குழந்தை மறுத்தால், அம்மறுப்பையும் மதியுங்கள். நீல வட்டம் வரைய யாருடைய பெயரும் தேவையில்லை.

பெற்றோர் பள்ளியில் பேச வேண்டியவை

கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரைச் சந்தித்து, மருத்துவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்கள். ஊசி போட்டுக்கொள்ளத் தூய்மையான, மறைவான ஓர் இடம். எந்நேரமும் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் அனுமதி. பசித்தால் வகுப்பிலேயே உண்ண இசைவு. விளையாட்டிலும் சுற்றுலாவிலும் ஒதுக்காமை. மேசையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ்: கேட்க வேண்டியவை இவ்வளவே. பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் எறியாமல், தடித்த மூடிபோட்ட டப்பாவில் சேர்த்து மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

குழந்தைகளின் முதல் வகை நீரிழிவுக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022 இல் வெளியிட்டுள்ளது. ஆகவே இவ்வசதிகளைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

படத்தை ஒட்டுமுன் ஐந்து கேள்விகள்

உங்கள் பிள்ளை வரைந்த படத்தையோ, பள்ளியில் ஒட்டவிருக்கும் படத்தையோ கையில் எடுத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்.

1. இது எந்த வகை நீரிழிவைப் பற்றியது என்று படம் சொல்கிறதா?

2. நோயுற்றவரைக் குற்றவாளியாகக் காட்டுகிறதா? ஆம் எனில், வாசகத்தை மாற்றுங்கள்.

3. பார்ப்பவர் அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றேனும் அதில் உள்ளதா?

4. எங்கே செல்வது, யாரை அழைப்பது என்று எழுதியிருக்கிறதா?

5. இந்நோயுள்ள ஒரு குழந்தை இப்படத்தின் கீழ் அமர்ந்து மதிய உணவு உண்ண முடியுமா?

ஐந்தாம் கேள்வியே எல்லாவற்றுக்கும் உரைகல். முதலில் நாம் கண்ட சிறுமி, தன் ஊசியை முடித்துவிட்டு, தோழியருடன் அச்சுவரின் கீழ் அமர்ந்து, தன் தூக்குப்பாத்திரத்தைத் திறக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள படத்தைப் பார்த்து அவள் தலைகுனியாமல் இருந்தால், அந்த ஓவியம் தன் பணியைச் செய்துவிட்டது.

வரும் நவம்பரில் உங்கள் பிள்ளைகள் வரையும் படங்களை நம் மருத்துவமனையின் புறநோயாளர் பகுதிச் செவிலியரிடம் கொடுக்கலாம். பெயர் எழுத வேண்டிய கட்டாயமில்லை. மேற்கண்ட ஐந்து கேள்விகளுக்கும் விடை தரும் படங்கள், சோதனைக்காகக் காத்திருப்போர் அமரும் கூடத்தின் சுவரில் இடம்பெறும்.